சினிமாக் கொலையும் நிஜக் கொலையும்

"இப்படி எங்கேயாவது நடக்குமா?" – துப்பறியும் படத்தை இந்தக் கேள்வியை வைத்து அளக்கலாமா?

துப்பறியும் படம் பார்த்துவிட்டு வீடு திரும்பும் குடும்பங்களைக் கவனித்திருக்கிறீர்களா? பாதி வழி போவதற்குள் சண்டை தொடங்கிவிடும்.

"கதையா இது? இப்படி எங்கேயாவது நடக்குமா?" என்பார் அப்பா.

"நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன? கண் கொட்டாமல் பார்த்தீர்களே அப்பா!" என்பாள் மகள்.

"கொலைகாரன் அவன்தான் என்று எனக்கு இடைவேளையிலேயே தெரியும்" என்பார் அம்மா.

அம்மாவை விட்டுவிடுவோம். அவரோடு வாதாடி ஜெயித்தவர்கள் இல்லை. அப்பாவுக்கும் மகளுக்கும் நடக்கிற சண்டையில் யார் பக்கம் நியாயம்?

அப்பாவின் கேள்வி லேசான கேள்வி அல்ல. டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவர் அவர். "காதில் பூச்சுற்றாதே" என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அவருக்குப் பதில் சொல்வதற்கு முன், சென்னையில் நிஜமாகவே நடந்த இரண்டு கொலைகளைப் பார்த்துவிடுவோம்.

ரெயிலில் போன பெட்டி

1952–ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். சென்னையில் இருந்து தனுஷ்கோடிக்குப் போகும் 'போட் மெயில்' ரெயில். ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்து தாங்க முடியாத நாற்றம் வந்தது. பயணிகள் புகார் செய்தார்கள். மானாமதுரையில் பெட்டியை இறக்கித் திறந்து பார்த்தார்கள்.

உள்ளே ஓர் ஆணின் பிணம்! அதற்குத் தலை இல்லை!

தலை எங்கே? பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், சென்னை ராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது. டாக்டர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒருவருடையவைதான்.

செத்தவர் யார்? அதற்குக் கைரேகை பதில் சொன்னது. அவர் முன்பு பட்டாளத்தில் வேலை பார்த்தவர். பட்டாளத்துக் காகிதங்களில் அவருடைய ரேகை பத்திரமாக இருந்தது. பிணத்தின் ரேகையும் அதுவும் ஒன்றாக இருந்தன. சென்னையில் வியாபாரம் செய்துவந்த ஆளவந்தார்தான் அவர் என்று தெரிந்தது. துப்புத் துலங்கியது. ஒரு கணவனும் மனைவியும் பிடிபட்டார்கள். 1953–ல் தண்டனை பெற்றார்கள்.

இந்தக் கதையை ஒரு பட முதலாளியிடம் போய்ச் சொல்லுங்கள். என்ன சொல்வார்?

"கொலை செய்தவன் பிணத்தை ரெயிலில் ஏற்றி அனுப்புவானா? தலை ஓர் ஊரிலும் உடல் ஓர் ஊரிலுமா? ஜனங்கள் சிரிப்பார்களே ஐயா!" என்பார்.

ஜனங்கள் சிரிக்கவில்லை. மாதக்கணக்கில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு இந்த வழக்கைப் படித்தார்கள்.

ரிக்ஷாவில் போன மனிதர்

இன்னொன்று அதற்கு முந்தியது. 1944 நவம்பர் 8. 'இந்து நேசன்' பத்திரிகையின் ஆசிரியர் லட்சுமிகாந்தனைச் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்திவிட்டார்கள்.

குத்துப்பட்ட மனிதர் முதலில் எங்கே போனார் தெரியுமா? ஆஸ்பத்திரிக்கு அல்ல. தமக்குத் தெரிந்த வக்கீல் வீட்டுக்கு! பிறகுதான் ரிக்ஷாவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் காலையில் இறந்துபோனார்.

அந்த வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். பாகவதரின் 'ஹரிதாஸ்' படம் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. நாட்டிலேயே புகழ் பெற்ற பாடகர்; நாடே சிரித்து மகிழ்ந்த நகைச்சுவை நடிகர். இரண்டு பேருக்கும் 1945–ல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்தது. 1947–ல் ஐகோர்ட்டு இருவரையும் விடுதலை செய்தது. அதற்குள் இரண்டு வருடத்துக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டது. பாகவதருக்குப் பழைய மவுசு திரும்பவே இல்லை.

அந்தக் கொலையைப் பற்றிய வாதங்கள் இன்னும் ஓயவில்லை. எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு முடிவு சொல்கிறார்கள்.

இதை அப்படியே படமாக எடுத்தால் அப்பா என்ன சொல்வார்? "கத்திக்குத்துப் பட்டவன் வக்கீலைத் தேடிப் போவானா? கடைசி வரை உண்மையைத் தெளிவாகச் சொல்லவில்லையே! இது ஒரு படமா?" என்றுதான் சொல்வார்.

இதில் இருந்து ஒன்று தெரிகிறது. நடந்த சம்பவத்துக்கு யாருடைய நம்பிக்கையும் தேவையில்லை. நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அது நடந்துவிட்டது. கதையின் நிலைமை வேறு. அது ஒவ்வொரு காட்சியிலும் உங்கள் நம்பிக்கையைக் கெஞ்சிக் கேட்டு வாங்கவேண்டும். "உண்மைச் சம்பவம்" என்று படத்தின் தொடக்கத்தில் எழுத்துப் போட்டுவிட்டால் மட்டும் போதாது. மோசமாக எடுத்த உண்மைக் கதையும் மோசமான படம்தான்.

கைக்குட்டை மயக்கம்

சரி, நாம் சந்தேகப்படுவது எதை, சந்தேகப்படாமல் விழுங்குவது எதை என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

வில்லன் பின்னால் இருந்து வருகிறான். கைக்குட்டையில் குளோரபாரம். கதாநாயகியின் மூக்கில் வைத்து அமுக்குகிறான். ஒன்று, இரண்டு, மூன்று! கதாநாயகி மயங்கி விழுகிறாள். எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம்! ஒருவராவது எழுந்து "இது நடக்குமா?" என்று கேட்டோமா?

உண்மையில் இது நடக்காது. குளோரபாரத்தை 1847–ல் ஸ்காட்லாந்து டாக்டர் சிம்சன் பிரசவ வலிக்குக் கொடுக்கத் தொடங்கினார். அதன் பிறகு பல்லாண்டுகள் ஆபரேஷன் மேஜையில் அதுதான் மயக்க மருந்து. அதை மூச்சில் இழுத்து நினைவு தவற ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடமும் கதாநாயகி கையைக் காலை உதைத்துக்கொண்டு கத்துவாள். அக்கம்பக்கத்தார் வந்துவிடுவார்கள். அளவு கொஞ்சம் மீறினால் மயக்கம் அல்ல, மரணமே வரும்.

'சைலன்சர்' வைத்த துப்பாக்கியும் அப்படித்தான். படத்தில் அது 'உஸ்' என்று ஒரு சத்தம் போடும். பக்கத்து அறையில் தூங்குகிறவர் புரண்டுகூடப் படுக்கமாட்டார். நிஜத்தில் அது துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். குறைத்த பிறகும் காதைத் துளைக்கிற சத்தம் இருக்கும்.

இன்னும் ஒன்று. பிணத்தைத் தொட்டுப் பார்த்த மாத்திரத்தில் "இரவு பத்தே காலுக்குச் செத்திருக்கிறார்" என்று சொல்வாரே, சினிமா டாக்டர்! நிஜ டாக்டர் அப்படிச் சொல்லமாட்டார். உடல் சில்லிடுவதையும் விறைப்பதையும் பார்த்து, இத்தனை மணியில் இருந்து இத்தனை மணிக்குள் என்றுதான் சொல்வார். வெயில், மழை, செத்தவரின் உடல்வாகு எல்லாம் அந்தக் கணக்கை மாற்றும்.

இவற்றுக்காக நான் எந்தப் படத்தையும் குறை சொல்லமாட்டேன். குளோரபாரத்துக்காக ஐந்து நிமிடம் காட்சியை ஓட்டினால் யார் பார்ப்பது? நூறு மைல் கார்ப் பயணத்தை இரண்டு காட்சியில் காட்டுகிறார்களே, அதைப்போல இதுவும் ஒரு குறுக்கு வழி.

நம்ப முடியாதது நிஜமாகிறது!

இப்போது மறுபக்கம். நாம் "இது நடக்காது" என்று அடித்துச் சொல்வது உண்மையில் நடக்கக்கூடியதாக இருக்கும்.

'பாபநாசம்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2013–ல் மலையாளத்தில் ஜீத்து ஜோசப் எடுத்த 'திருஷ்யம்' படத்தை, 2015–ல் அவரே கமல்ஹாசனை வைத்துத் தமிழில் எடுத்தார். (படம் பார்க்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.) கேபிள் டி.வி. நடத்துகிற ஒரு சாதாரண மனிதர். அதிகம் படிக்காதவர், சினிமா பார்த்தே உலகத்தைத் தெரிந்துகொண்டவர். அவருடைய வீட்டில் நடக்கக்கூடாதது நடந்துவிடுகிறது. குடும்பத்தைக் காப்பாற்ற அவர் ஒரு தந்திரம் செய்கிறார். சம்பவம் நடந்த நாளில் தாங்கள் ஊரிலேயே இல்லை என்று ஊராரை நம்ப வைக்கிறார். மறுநாள் குடும்பத்தோடு வெளியூர் போகிறார். பஸ் கண்டக்டர், ஓட்டல்காரர் எல்லோரிடமும் பேச்சுக் கொடுக்கிறார். பிறகு மீண்டும் அவர்களைச் சந்தித்து, பேச்சோடு பேச்சாகத் தேதியை மாற்றி மனதில் பதிக்கிறார். போலீசார் வந்து கேட்கும்போது அவர்கள் எல்லோரும் பொய்த் தேதியை உண்மை என்று நம்பியே சொல்கிறார்கள்.

"பத்துப் பேருடைய ஞாபகத்தை ஒருவர் மாற்ற முடியுமா? சுத்தக் கப்சா!" என்று பலர் சொன்னார்கள்.

ஆனால் மனோதத்துவ நிபுணர்கள் கப்சா என்று சொல்லமாட்டார்கள். 1974–ல் அமெரிக்காவில் எலிசபெத் லாப்டஸ் என்ற பெண்மணியும் ஜான் பாமர் என்பவரும் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். பிறகு, "கார்கள் எவ்வளவு வேகத்தில் வந்தன?" என்று கேட்டார்கள். ஒரு கூட்டத்தாரிடம் "கார்கள் மோதியபோது" என்ற சொல்லைப் போட்டார்கள். இன்னொரு கூட்டத்தாரிடம் "கார்கள் மோதி நொறுங்கியபோது" என்று பொருள்படும் சொல்லைப் போட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து எல்லோரையும் கூப்பிட்டு, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை! ஆனாலும் "மோதியபோது" என்று கேட்ட 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். "நொறுங்கியபோது" என்று கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள்!

கேள்வியில் ஒரே ஒரு சொல்தான் மாறியது. அதற்கே இல்லாத கண்ணாடி உடைந்தது. அப்படியானால் கமல்ஹாசன் மாற்றிய தேதி மாறாதா?

இது விளையாட்டு அல்ல. அமெரிக்காவில் பல ஆண்டுகள் ஜெயிலில் இருந்தவர்கள், பிறகு மரபணுச் சோதனையில் குற்றமற்றவர்கள் என்று விடுதலையாகி இருக்கிறார்கள். அந்த வழக்குகளில் ஏறத்தாழ பத்துக்கு ஏழில், நேரில் பார்த்ததாகச் சொன்ன சாட்சி தவறான ஆளை அடையாளம் காட்டியிருந்தார். அவர்களில் பலர் பொய் சொல்ல வந்தவர்கள் அல்ல. மனமாரத் தவறாகச் சொன்னவர்கள்.

குளோரபாரக் கைக்குட்டையை நம்பினோம், அது பொய். தேதி மாறியதை நம்பவில்லை, அது நடக்கக்கூடியது. அப்பாவின் அளவுகோலில் எங்கோ கோளாறு இருக்கிறது.

ஐஸ் பெட்டி வரை தாங்கினால் போதும்!

இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர் டைரக்டர் ஆல்பிரட் ஹிட்ச்காக். 1959–ல் வெளிவந்த அவருடைய 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்தில் ஒரு காட்சி உலகப் புகழ் பெற்றது. கதாநாயகனை நடுவெயிலில், ஆள் இல்லாத பொட்டல் வெளிக்கு வரச் சொல்கிறார்கள். அங்கே பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஒன்று பறக்கிறது. திடீரென்று அது அவனைத் துரத்தித் துரத்திச் சுடுகிறது!

ஒருவனைக் கொல்ல விமானம் எதற்கு? ஒரு காரும் ஒரு துப்பாக்கியும் போதாதா?

போதும்தான். ஆனால் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கேள்வி வராது. வீட்டுக்குப் போய், சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று ஐஸ் பெட்டியைத் திறக்கும்போதுதான் வரும். அதுவரை படம் தாங்கினால் போதும் என்பது ஹிட்ச்காக்கின் கட்சி. எல்லாவற்றிலும் 'நடக்குமா, நடக்காதா' என்று பார்க்கிறவர்களை அவர் கேலி செய்வது வழக்கம்.

அவருடைய 'வெர்டிகோ' (1958) இன்னும் மோசம். உயரமான இடத்தைக் கண்டால் ஒரு துப்பறிவாளனுக்குத் தலை சுற்றும். அவன் கோபுரத்தின் உச்சி வரை ஏறமாட்டான் என்ற ஒரே நம்பிக்கையில் ஒருவன் கொலைத் திட்டம் போடுகிறான். பாதியில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிட்டால் என்ன ஆகும்? திட்டம் பாழ்! எந்தக் கொலைகாரன் இப்படி அடுத்தவன் தலைசுற்றலை நம்பி இறங்குவான்? ஆனால் 2012–ல் உலகத்து விமர்சகர்களிடம் வாக்கு எடுத்தபோது, இதுவரை வந்த படங்களில் இதுதான் தலைசிறந்தது என்று முதலிடம் கிடைத்தது. காரணம், அந்தத் துப்பறிவாளனின் ஏக்கம் நிஜம். செத்துப்போனவளை இன்னொரு பெண்ணிடம் தேடுகிறானே, அந்தப் பைத்தியம் நிஜம்.

அதற்காக ஹிட்ச்காக் சின்ன விஷயங்களில் அசட்டையாக இருந்தார் என்று நினைக்கவேண்டாம். 'சைக்கோ' (1960) படத்தில் குளியலறைக் கொலை வருகிறதே, அது திரையில் ஒரு நிமிடம்கூட ஓடாது. அதை எடுக்க ஒரு வாரம் ஆனது. ரத்தத்துக்குப் பதில் சாக்லெட் பாகு. கறுப்பு வெள்ளைப் படம் ஆனதால் யாருக்கும் தெரியாது. படம் வெளிவந்த பிறகு கண் டாக்டர்கள் சிலர் அவருக்குக் கடிதம் எழுதியதாகச் சொல்வார்கள். "செத்தவர்களின் கண்மணி விரிந்திருக்கும். உங்கள் நடிகையின் கண்மணி சுருங்கி இருக்கிறதே!" என்று குறை கண்டுபிடித்தார்களாம். அப்பாவைப் போன்றவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

செத்த மனைவி திரும்பி வந்தாள்!

நம் ஊர்ப் படம் ஒன்று. 1964–ல் வெளிவந்த 'புதிய பறவை'. சிவாஜி கணேசன், சரோஜாதேவி, சவுகார் ஜானகி நடித்தது. தாதா மிராசி டைரக்ட் செய்தார்.

மனைவி ரெயில் விபத்தில் செத்துவிட்டாள் என்று கதாநாயகன் சொல்கிறான். வேறு பெண்ணைக் காதலிக்கிறான். கலியாணம் நிச்சயமாகும் வேளையில் "நான்தான் உங்கள் மனைவி" என்று ஒருத்தி வந்து நிற்கிறாள். அதே முகம். அதே குரல். "இவள் என் மனைவி அல்ல" என்று கதாநாயகன் கதறுகிறான். ஒருவரும் நம்பவில்லை. கடைசியில், "என் மனைவியை நானே அடித்தேன், செத்துப்போனாள்" என்று அவனே சொல்லும்படி ஆகிறது. காதலியில் இருந்து எல்லோருமே போலீசாரின் ஏற்பாடு என்று அப்போதுதான் தெரிகிறது.

நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். எந்தப் போலீஸ் இலாகா இப்படிச் செய்யும்? ஒரு குற்றவாளியைப் பிடிக்க, அச்சாக அதே முகமுள்ள பெண்ணைத் தேடிப் பிடிப்பார்களா? கப்பலில் இருந்தே ஒரு பெண் அதிகாரியைக் காதலிக்க அனுப்புவார்களா? அப்படி வாங்கிய ஒப்புதலும் கோர்ட்டில் எவ்வளவு தூரம் நிற்கும் என்று வக்கீல்கள் வாதாடலாம்.

ஆனாலும் அந்தப் படத்தை 60 வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஏன்?

முதல் காரணம், படம் நம்மை ஏமாற்றும்போதும் யோக்கியமாக ஏமாற்றுகிறது. ரொனால்ட் நாக்ஸ் என்று இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் இருந்தார். துப்பறியும் கதை எழுதுவதில் பிரியம் உள்ளவர். 1929–ல் அவர் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். இரட்டைப் பிள்ளைகளையும் ஒரே முகம் உள்ளவர்களையும் முன்னறிவிப்பு இல்லாமல் கொண்டுவரக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. 'புதிய பறவை'யில் ஒரே முகம் உள்ள பெண் கடைசி ரீலில் குதிக்கவில்லை. கதையின் நடுவிலேயே கண் முன்னால் நிற்கிறாள். கதாநாயகனும் திரும்பத் திரும்ப "இவள் அவள் அல்ல" என்று நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். நாம்தான் அவனைச் சரியாகக் கேட்கவில்லை.

இரண்டாவது காரணம் சிவாஜி. குற்றம் செய்துவிட்டு அதை மறைத்து வாழ்கிற ஒருவன் எப்படிச் சிரிப்பான், ரெயில் சத்தம் கேட்டால் எப்படித் துடிப்பான் என்பதில் அவர் ஒரு இடத்திலும் பொய் சொல்லவில்லை. போலீசாரின் ஏற்பாடு பொய்யாக இருக்கலாம். அந்த முகம் பொய் அல்ல.

பாட்டு இல்லாத படம்

அதற்குப் பத்து வருடம் முந்தி, 1954–ல், ஏ.வி.எம். ஸ்டூடியோவில் இருந்து 'அந்த நாள்' வந்தது. வீணை வித்துவான் எஸ்.பாலசந்தர் டைரக்ட் செய்தார். ஜாவர் சீதாராமன் கதை வசனம் எழுதி, துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். அகிரா குரோசாவாவின் 'ரஷோமான்' (1950) காட்டிய வழியில் கதை சொன்ன படம் இது.

1943–ல் சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு போட்ட சமயம். ரேடியோ என்ஜினீயர் ராஜன் வீட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. ராஜன் செத்துக் கிடக்கிறார். ராஜன்தான் சிவாஜி! படம் தொடங்கியவுடனேயே கதாநாயகனைக் கொன்றுவிட்டார்கள். பிறகு மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், ஒரு நாட்டியக்காரி என்று ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள். ஒருவர் பழியை இன்னொருவர் மேல் போடுகிறார். சொல்லும் ஒவ்வொரு கதையிலும் ராஜன் வேறு வேறு ஆளாகத் தெரிகிறார். முடிவை இங்கே சொல்லமாட்டேன்.

படத்தில் பாட்டு இல்லை. நடனம் இல்லை. சண்டை இல்லை. ஒரு படத்தில் பத்துப் பாட்டு இருந்தாலும் குறைவு என்று நினைத்த காலம் அது!

வேடிக்கை என்னவென்றால், பாட்டு இல்லாததால்தான் அன்று பலருக்கு ஏமாற்றம். கொலை நடந்த வீட்டில் யாராவது பாடுவார்களா? பாடமாட்டார்கள். அப்படியானால் நிஜத்துக்கு மிக நெருங்கி வந்த படத்தைத்தானே ஜனங்கள் கொண்டாடியிருக்க வேண்டும்? அன்று கொண்டாடவில்லை. பிற்பாடுதான் அதன் அருமை தெரிந்தது. "எல்லாம் நிஜமாக இருக்கவேண்டும்" என்று கேட்கிறவர்கள் நிஜத்தைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள் என்பது நிச்சயம் இல்லை.

நீதிபதி சொன்னது

இதுவரை மகள் பக்கமே பேசிவிட்டேன். இனி அப்பா பக்கம் வருகிறேன். ஏனென்றால் ஓர் இடத்தில் அவர் சொல்வதுதான் சரி.

1957–ல் அமெரிக்காவில் '12 ஆங்ரி மென்' என்ற படம் வந்தது. சிட்னி லூமெட் டைரக்ட் செய்தது. தகப்பனைக் குத்திக் கொன்றதாக ஒரு பையன் மேல் வழக்கு. பன்னிரண்டு ஜூரிகள் ஓர் அறையில் அடைபட்டிருக்கிறார்கள். பதினொரு பேர் "குற்றவாளி" என்கிறார்கள். ஒருவர் மட்டும் "பேசிப் பார்ப்போமே" என்கிறார். கொலைக்கத்தியைப் போல வேறு கத்தியே இருக்காது என்று எல்லோரும் சாதிக்கும்போது, அதேபோன்ற கத்தியைப் பையில் இருந்து எடுத்து மேஜையில் குத்துகிறார். கொட்டகை அதிரும் காட்சி!

ஆனால் சட்டப்படி அது பெரிய தப்பு. ஜூரி தாமாகக் கடைத்தெருவில் அலைந்து சாட்சியம் சேகரிக்கக்கூடாது. கோர்ட்டில் காட்டியதை வைத்துத்தான் முடிவு சொல்லவேண்டும்.

அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி சோனியா சோட்டோமேயர் 2010–ல் இந்தப் படத்தைப் பற்றிப் பேசினார். தாம் சட்டத் துறைக்கு வர இந்தப் படமும் ஒரு தூண்டுகோல் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். கீழ்க்கோர்ட்டில் இருந்தபோது, "அந்தப் படத்தில் வருகிறவர்களைப் போல நடக்காதீர்கள்" என்று ஜூரிகளுக்குத் தாம் சொன்னது உண்டாம்!

ஒரே படம். அது ஒருவரை நீதிபதியாக்கியது. அதே நீதிபதி அதைப் பின்பற்றாதே என்கிறார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஏழைப் பையன் என்றால் திருடனாகத்தான் இருப்பான் என்று நினைக்கிற மனிதர்களின் மனதைப் படம் சரியாகக் காட்டியது. சட்டத்தை மட்டும் தப்பாகக் காட்டியது.

கைதட்டலில் இருக்கும் ஆபத்து

நம் படங்களில் சட்டம் எப்படி வருகிறது? சந்தேகப்பட்ட ஆளை இன்ஸ்பெக்டர் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிறார். நாலு அடி. ஆள் எல்லாவற்றையும் கக்கிவிடுகிறான். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. வழக்கு முடிந்தது. கொட்டகையில் விசில் பறக்கிறது.

இங்கேதான் நான் அப்பாவோடு சேர்ந்து, "இப்படி நடக்குமா?" என்று கேட்கிறேன்.

போலீசாரிடம் ஒருவர் சொன்ன குற்ற ஒப்புதலை, அவர் மேல் குற்றத்தை நிரூபிக்கக் கோர்ட்டில் காட்ட முடியாது. இது நேற்று வந்த விதி அல்ல. 1872–ம் வருடத்து சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இருக்கிறது. (அவர் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்த அளவுக்கு மட்டும் விலக்கு உண்டு.) வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே இப்படி ஒரு விதி ஏன் வந்தது? அடித்தால் எவனும் எதையும் ஒப்புக்கொள்வான் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது.

கைது செய்தவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்தவேண்டும் என்று நம் அரசியல் சட்டம் சொல்கிறது. சம்மதம் இல்லாமல் ஒருவருக்கு உண்மை கண்டறியும் மருந்து ஊசியோ, பொய் கண்டறியும் கருவிச் சோதனையோ செய்யக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2010–ல் தீர்ப்பளித்தது. எத்தனை படத்தில் இதையெல்லாம் பார்க்கிறோம்?

குளோரபாரத்தைத் தப்பாகக் காட்டினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. யாரும் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பப்போவது இல்லை. ஆனால் அடி வாங்கினவன் உண்மையைத்தான் சொல்வான் என்று நூறு படம் காட்டினால், அதைப் பார்த்து வளர்கிற பிள்ளை என்ன நினைக்கும்? பக்கத்துத் தெருப் பையனை ஒரு நாள் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனால், "அவன் ஒப்புக்கொண்டுவிட்டானாமே" என்று ஊர் சொல்லும். அதோடு அவன் கதை முடிந்தது. விசிலடித்த அந்தக் கொட்டகையில் அவனும்தான் உட்கார்ந்திருந்தான்.

2021–ல் வந்த 'ஜெய் பீம்' இதை மாற்றிக் காட்டியது. 1993–ல் நடந்த நிஜ வழக்கு அது. ஆட்கொணர்வு மனு என்றால் என்ன என்று சட்டம் படிக்காத தாய்மார்களும் அந்தப் படத்தால் தெரிந்துகொண்டார்கள்.

அதற்கு முன் 2015–ல் வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை' இருக்கிறது. கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டும் சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்' என்ற நாவலை வைத்து எடுத்தது. ஆந்திராவில் குண்டூரில் போலீஸ் காவலில் தாம் பட்ட அடியைத்தான் அவர் எழுதினார். பிழைப்புத் தேடிப் போன இளைஞர்கள். செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடி. ஒப்புக்கொண்டால் விட்டுவிடுகிறோம் என்று ஆசை வார்த்தை. படத்தைப் பார்க்கும்போது பல இடங்களில் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். வெனிஸ் பட விழாவில் மனித உரிமைக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. ஆஸ்கார் போட்டிக்கும் இந்தியாவின் சார்பில் அனுப்பினார்கள்.

அந்தப் படத்தின் முதல் பாதிதான் சந்திரகுமார் பட்டது. இரண்டாம் பாதி அவர் நாவலில் இல்லாதது, டைரக்டர் சேர்த்தது. பார்க்கிறவர்களுக்கு ஒட்டுப் போட்ட இடம் தெரியவில்லை.